ஒரே பில்டரிடம் இரண்டு பிரேம்: உப்புக்காற்றில் எந்த ஜோடி நிற்கும்?

குளச்சலிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: “அண்ணே, கையில ஒரு ஸ்டீல் சைக்கிள் பிரேம் இருக்கு. அதே பில்டர்கிட்ட இன்னொண்ணு சொல்லலாம்னு நினைக்கேன். டைட்டானியமா, கார்பனா?” அதே வாரம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அக்கா. அவரிடம் பெரிய கம்பெனி ஒன்றின் அலுமினியம் ரோடு பைக் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே அதே கம்பெனியின் கார்பன் இழை மாடலையும் எடுக்கலாமா என்பது அவர் கேள்வி. இருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொன்னதைக் கோத்து இங்கே எழுதுகிறேன்.

பில்டர் என்று இரண்டு வகையினரைச் சொல்கிறேன். கால், கை அளவெடுத்து, பிரேமுக்கான குழாயை (டியூப்) வெட்டி இணைக்கும் தனி ஆள் ஒரு வகை. மாடல் வாரியாக ஆயிரக்கணக்கில் செய்து தள்ளும் கம்பெனி இன்னொரு வகை. தனி ஆளிடம் இரண்டும் வாங்குவதில் பெரிய லாபம், உங்கள் அளவு அவர் நோட்டில் இருப்பதுதான். ஸ்டீலில் இருந்து இறங்கி டைட்டானியத்தில் ஏறினால் முதுகுக்கு வித்தியாசம் தெரியாது. கம்பெனி பைக்கில் அந்த உத்தரவாதம் இல்லை. மெரிடா ஸ்கல்ட்யூரா, டிரெக் டோமேன் என்று ஒரே பெயரில் அலுமினியமும் கார்பனும் வருகின்றன. பெயரை நம்பாமல் இரண்டின் ஸ்டாக், ரீச் அளவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஸ்டாக் என்பது பெடல்கள் சுற்றும் நடு அச்சிலிருந்து ஹெட் டியூப் (ஹேண்டில்பார் தண்டு நுழையும் முன்குழாய்) உச்சிவரை உள்ள உயரம். ரீச் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள கிடைத் தூரம். இவை ஒத்துப்போகாவிட்டால் ஒரே கம்பெனியில் வாங்கியும் பயனில்லை.

## எதை வைத்து எடை போடுவது

உப்பும் மழையும். குமரி மாவட்டத்தில் நமக்கு இடவப்பாதியிலும் (தென்மேற்குப் பருவம்) மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. கடற்கரை மட்டும் சுமார் 70 கிலோமீட்டர். முட்டத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் நிறுத்திய வண்டியின் டாப் டியூபை (மேல் குழாய்) தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். குலசேகரம், திற்பரப்பு பக்கம் உப்பு குறைவு, ஈரம் அதிகம். ரப்பர் மர நிழலில் சாலை காய்வதே இல்லை.

பழுது. உடைந்தால் யார் சரிசெய்வார், எங்கே அனுப்ப வேண்டும்?

வேலைப் பிரிவினை. முதல் வண்டி செய்யாத எதை இரண்டாவது செய்யும்? இதற்குப் பதில் இல்லாமல் வாங்கப்படும் இரண்டாவது சைக்கிள் துணி காயப்போடத்தான் உதவும்.

பாகங்கள். ஒன்றின் வீலை மற்றதில் மாட்ட முடியுமா? ஒன்று ரிம் பிரேக், இன்னொன்று டிஸ்க் என்றால் முடியாது. வீலைப் பிரேமில் பிடிக்கும் அச்சு ஒன்றில் குவிக் ரிலீஸ், இன்னொன்றில் த்ரூ ஆக்சில் என்றாலும் அதே கதை. சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) விட்டமும் பாட்டம் பிராக்கெட்டும் (பெடல்கள் சுற்றும் நடு அச்சின் பகுதி) ஒன்றாக இருந்தால் உதிரிப் பெட்டி ஒன்று போதும்.

வாங்கிய பிறகு வரும் செலவு. விலைச்சீட்டில் இல்லாத சுங்கம், அனுப்புகூலி, டார்க் ரெஞ்ச் (அளவறிந்து திருகு இறுக்கும் கருவி), ஹேங்கர் (பின்கியரைத் தாங்கும் சின்னத் துண்டு) எல்லாம்.

எடையையும் சொகுசையும் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. “ஸ்டீல் மெத்து, அலுமினியம் முரடு” என்ற பேச்சு சைக்கிள்காரர்களிடம் நிறைய உண்டு. உலோகத்தின் விறைப்பை கிகாபாஸ்கலில் சொல்வார்கள்: ஸ்டீல் சுமார் 200, டைட்டானியம் 107, அலுமினியம் 69. அடர்த்தி முறையே 7.85, 4.5, 2.7. முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் 25, 24, 26 என்று கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும். அப்படியானால் முரட்டுத்தனம் உலோகத்தில் இல்லை. பில்டர் எவ்வளவு பருத்த, எவ்வளவு தடித்த டியூபைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் இருக்கிறது. அதைவிட டயரில் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் டயரைக் கல்போல அடித்துக்கொண்டு நாகர்கோவில் குழிகளில் விட்டால் டைட்டானியமும் அலுமினியமும் ஒரே மாதிரிதான் முதுகைப் பதம் பார்க்கும். 32 டயருக்கு மாறிக் காற்றைக் குறைத்தால் கிடைக்கும் சுகம், பிரேமை மாற்றினாலும் கிடைக்காது.

எடையா? ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிரேமில் 1 கிலோ குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் சுமார் 45 விநாடி மிச்சம். விளவங்கோடு பக்கம் இருப்பதெல்லாம் ஏறி இறங்கும் குட்டி மேடுகள். கீரிப்பாறைக்கு மேலே போகும் எஸ்டேட் சாலையை விட்டால், ஒரு மணி நேரம் விடாமல் சவட்ட (பெடல் மிதிக்க) நமக்கு ஏற்றம் எங்கே இருக்கிறது?

அவசரக்காரர்களுக்கு ஓர் அட்டவணை:

| ஜோடி | உப்புக்காற்றில் | பழுது | வேலை பிரிகிறதா | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| ஸ்டீல் + டைட்டானியம் | டைட்டானியம் கவலையில்லை, ஸ்டீலுக்குக் கவனிப்பு | ஸ்டீல் எளிது, டைட்டானியம் பில்டரிடமே | நீங்கள் பிரித்தால் பிரியும் | இறக்குமதி வரி, காத்திருப்பு |
| ஸ்டீல் + கார்பன் | கார்பன் சரி, அதன் போல்ட்டுகள் சரியில்லை | கார்பனுக்கு நிபுணர் வேண்டும் | நன்றாகவே | வீல், பிரேக் பொருந்தாமை, டார்க் ரெஞ்ச் |
| அலுமினியம் + கார்பன் | இரண்டிலும் போல்ட், ஹேங்கர் தொல்லை | இரண்டும் கஷ்டம் | பெரும்பாலும் இல்லை | ஒரே வேலைக்கு இரண்டு பைக் |
| ஸ்டீல் + அலுமினியம் | இரண்டுக்கும் கவனிப்பு | ஸ்டீல் எளிது, அலுமினியம் கைவிட வேண்டியது | பிரியும் | குறைவு |

## ஸ்டீல் + டைட்டானியம்

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி. என்னிடம் இருப்பதும் இதுதான். ஆனால் பலரும் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். டைட்டானியம் விலை அதிகம் என்பதால் அதை வீட்டுக்குள் துடைத்து வைத்துவிட்டு, மழைக்கும் கடற்கரைக்கும் ஸ்டீலை எடுக்கிறார்கள். வேறு ஊரில் இது சரியாக இருக்கலாம். நம் ஊரில் மழை வண்டி டைட்டானியம்தான். ஸ்டீல் மாசி பங்குனி வண்டி.

டைட்டானியத்தின் மேல் தானாக உருவாகும் ஆக்சைடு படலத்தைக் கடல்நீரால் ஒன்றும் செய்ய முடியாது. கடல்நீரால் குளிர்விக்கும் மின்நிலையங்களில் கண்டென்சர் குழாய்க்கு இதைப் போடுவது அதனால்தான். சைக்கிளுக்கு அதிகம் பயன்படுவது 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் கலந்த டியூப். விமானத்தின் ஹைட்ராலிக் குழாய்களுக்காக வந்த கலவை அது. பெயின்ட்டே வேண்டாம். கீறல் விழுந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஒரே திசையில் நாலு தேய்ப்பு, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் காலில் ஒட்டும் கருமணலில் இருக்கும் இல்மனைட், டைட்டானியத் தாதுதான். 1791-ல் வில்லியம் கிரகோர் என்பவர் இங்கிலாந்தின் கார்ன்வாலில் இந்த உலோகத்தின் தடயத்தைக் கண்டதும் இதே மாதிரி ஒரு கருமணலில். நம் மணல் ஆலை பிரித்தெடுக்கிற இந்தத் தாது உலகெங்கும் பெரும்பாலும் வெள்ளைப் பெயின்ட்டுக்கான தூளாகத்தான் போகிறது. உலோகமாகி, டியூபாகி, பிரேமாகித் திரும்ப வரும்போது விலை நல்ல ஸ்டீல் பிரேமைப்போல இரண்டு மூன்று மடங்கு. அதோடு சுங்கம் பிரேம் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. அனுப்புகூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு விழும். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது கொஞ்சம் ஆறுதல். வெளிநாட்டு பில்டரிடம் சொல்கிறவர்கள் இதையெல்லாம் முதலிலேயே கூட்டிப் பார்த்துவிட வேண்டும்.

பழுது என்று வந்தால் டைட்டானியம் ஸ்டீல் மாதிரி இல்லை. வெல்டிங் சூட்டில் அது காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். டியூபுக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் ஆர்கான் நிரப்பி வெல்டு பண்ண வேண்டும். யாராவது “அதுவும் இரும்புதானே, கொண்டா” என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அது பில்டரிடமே போக வேண்டிய வேலை.

ஸ்டீல் கெடுவது உள்ளிருந்து. டியூப் சுவர் நடுவில் 0.5 மில்லிமீட்டர்தான் இருக்கும். சீட் போஸ்ட் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் பாட்டம் பிராக்கெட்டில் தேங்கும். வெளியே பெயின்ட் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைக் கிரீஸ் அடைக்காமல் வைத்திருங்கள். வருடம் ஒருமுறை பிரேமைக் கழற்றி, கார்களின் உள்பக்கத்துக்கு அடிக்கும் துருத்தடுப்பு ஸ்பிரேயை ஒவ்வொரு டியூபுக்குள்ளும் விட்டு, தலைகீழாகத் திருப்பி ஓடவிடுங்கள். பழைய ஆட்கள் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை ஊற்றுவார்கள்; அதுவும் சரிதான்.

நான் கற்றுக்கொண்டது அடிபட்டுத்தான். ஸ்டீல் பிரேமில் அலுமினிய சீட் போஸ்ட்டை மாட்டி இரண்டு மழைக்காலம் கழற்றாமல் விட்டேன். அப்புறம் அது அசையவில்லை. ஒரு பட்டறையில் வைஸில் பிடித்து முறுக்கினார்கள், சூடேற்றினார்கள். கடைசியில் போஸ்ட்டை அறுத்து, உள்ளிருந்த துண்டை ரம்பத்தால் நீளவாக்கில் கீறி எடுக்க ஒரு முழுநாள் போயிற்று. குளச்சல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரும்புப் படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது எதற்கு? உப்புநீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றதுக்காகக் கரையும். என் வண்டியில் கரைந்தது அலுமினியம். அதன் வெள்ளைத்தூள் உப்பி டியூபை இறுக்கிவிட்டது. டைட்டானியம் பிரேமில் அலுமினியப் போஸ்ட் போட்டாலும் இதே ஆபத்துதான். உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள். விலையுயர்ந்த பிரேம் என்பதால் சீட் போஸ்ட் கருணை காட்டாது.

இத்தாலியில் டி ரோசா பட்டறையின் ஸ்டீல் நியோ பிரிமாட்டோவையும் அவர்களுடைய டைட்டானியம் பிரேமையும் ஜோடியாக வைத்திருப்பதைக் கனவாகச் சொல்கிறவர்கள் உண்டு. கனவு நல்லதுதான். நம் தேவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கடற்கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு, வருடம் முழுக்க ஓட்டம், பதினைந்து வருடம் வைத்திருக்கும் எண்ணம், கையில் பணம். இந்த நான்கும் சேர்ந்தால் இந்த ஜோடி. மூன்றுதான் இருக்கிறது, இல்லாதது பணம் என்றால், கடைசி ஜோடிக்குப் போய்விடுங்கள்.

## ஸ்டீல் + கார்பன்

ஒரே பில்டர், இரண்டு பொருள் என்றாலே பலருக்கு நினைவு வருவது இத்தாலியின் கோல்னாகோ கம்பெனி. நட்சத்திரக் குறுக்குவெட்டு டியூபில் செய்த ஸ்டீல் மாஸ்டர் ஒரு பக்கம். கம்பெனியின் நாற்பதாவது ஆண்டுக்காக 1994-ல் வந்த கார்பன் சி40 மறுபக்கம். ஸ்டீல் பிரேமை லக் (டியூப்கள் செருகும் மூட்டு) வைத்து இணைப்பதுபோலவே கார்பன் டியூப்களையும் கார்பன் லக்கில் ஒட்டினார்கள். கருங்கல் பாவிய சாலையில் கார்பன் தாங்காது என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. அப்படிப்பட்ட சாலைகளில் நடக்கும் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் 1996-ல் கோல்னாகோ ஓட்டிய மாப்பெய் அணியினர் முதல் மூன்று இடங்களையும் பிடித்தார்கள்.

ஆகவே கார்பன் பூப்போன்றது என்று பயப்பட வேண்டாம். சவட்டும்போது வரும் விசையை அது நன்றாகத் தாங்கும். தாங்காதது பக்கவாட்டில் விழும் குத்து. ரயில் பார்சல் வேனில் யாரோ ஒருவருடைய மூட்டை சாய்ந்தால் ஸ்டீலில் நசுங்கல் கண்ணுக்குத் தெரியும். கார்பனில் உள்ளடுக்கு பிரிந்து, வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்பது ஓரிடத்தில் மந்தமாக ஒலித்தால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். கார்பனைச் சரிசெய்யவே முடியாது என்பது தவறு. புதிய அடுக்குகள் போட்டுச் சரிசெய்யும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் அனுப்பி வாங்க வேண்டும், அதற்குள் சீசன் முடிந்துவிடும்.

கார்பன் துருப்பிடிக்காது, உண்மை. அதைச் சுற்றியிருக்கும் அலுமினியம் அழியும். பாட்டில் கேஜ் திருகு, ஹேங்கர், சீட் போஸ்ட் எல்லாம் கார்பனைத் தொட்டால் உப்பில் வேகமாகவே அரிக்கும். திருகாமல் அழுத்திச் செருகும் பிரஸ்-பிட் பாட்டம் பிராக்கெட் என்றால் கடற்கரை மணல் புகுந்ததும் கிரீச்சிட ஆரம்பிக்கும். திருகை அளவறிந்து இறுக்க ஒரு டார்க் ரெஞ்ச் கட்டாயம். கைக்கணக்கில் இறுக்கி சீட் டியூபை விரிசல் விடவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

வேலைப் பிரிவினை என்று பார்த்தால் நான்கு ஜோடியில் இதுதான் சுத்தமானது. கேரியர், மட்கார்ட், பருத்த டயரோடு ஸ்டீல் சந்தைக்கும் வேலைக்கும் நெடும்பயணத்துக்கும். கார்பன் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை வேகத்துக்கு. ஆனால் பழைய பாணி ஸ்டீலில் ரிம் பிரேக், புதிய கார்பனில் டிஸ்க் என்று வந்துவிட்டால் ஒரே பில்டர் என்பதன் பாதி லாபம் போய்விடும்.

ஒரு துணுக்கு: கார்பன் பைக்கோடு உயரமான ரிம்மையும் சேர்த்தே ஆசை காட்டுவார்கள். ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாயில் அதைச் சவட்டிப் பாருங்கள். முப்பந்தலில் காற்றாலைகளை அங்கே நட்டது சும்மாவா? கிழக்கே போகையில் காற்று தள்ளிக்கொண்டு போகும், நாமே பெரிய வீரர் என்று தோன்றும். திரும்பும்போது முகத்திலும் பக்கவாட்டிலும் அறையும். உயர ரிம் பாய்மரம் மாதிரி. லாரி ஒன்று தாண்டும் நொடியில் வண்டி ஒரு முழம் நகரும்.

## அலுமினியம் + கார்பன்

மார்த்தாண்டம் அக்காவின் ஜோடி. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஒரே கம்பெனியின் ஒரே குடும்பத்து அலுமினியமும் கார்பனும் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்யும். இன்றைய அலுமினியம் ரோடு பைக்குகள் பலவற்றில் போர்க் (முன்வீலைப் பிடிக்கும் கவை) ஏற்கெனவே கார்பன்தான். இரண்டாவதில் சில நூறு கிராம் குறையும், கியர் ஒரு படி உயரும். அதற்காக முழு பைக்கின் பணம் கொடுக்கிறோம்.

இந்த ஜோடி பொருந்தும் ஓர் இடம் உண்டு. பந்தயத்துக்குப் போகிறவர், பயிற்சிக்கு அலுமினியமும் போட்டிக்குக் கார்பனும் வைத்துக்கொண்டு, ஒரே அளவு, ஒரே வீல், ஒரே கியர் என்று மாற்றி மாற்றிப் போடலாம். வீட்டில் இருவர் ஓட்டுவதாக இருந்தாலும் சரி. மற்றவர்கள் அலுமினியத்தையே வைத்துக்கொண்டு அந்தப் பணத்தில் ஒரு பகுதியில் நல்ல வீலும் டயரும் வாங்கலாம்.

## ஸ்டீல் + அலுமினியம்

பெருமைக்கு யாரும் படம் எடுத்துப் போடாத ஜோடி. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

ஸ்டீல் என்றதும் நம் வீடுகளில் “தாத்தாவோட ஹெர்குலஸ் மாதிரியா?” என்பார்கள். அதுவும் ஸ்டீல்தான், ஆனால் தடித்த குழாய். முனையில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இழுத்த டியூப் வேறு சாதி. அதில் பேர்பெற்ற ரெய்னால்ட்ஸ் 531 வந்தது 1935-ல். அந்த ரெய்னால்ட்ஸ் அப்போது பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் இருந்தது. இங்கே ஹெர்குலஸ் செய்யும் டிஐ சைக்கிள்ஸை 1949-ல் சென்னையில் தொடங்கக் கைகோத்ததும் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான். தாத்தாவின் வண்டிக்கும் ஐரோப்பியப் பந்தய வண்டிக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு.

இந்த ஜோடியில் எது மழைக்கு? அலுமினியம். துரு பிடிக்காது என்பதால் மட்டுமல்ல, போனால் மனம் அதிகம் வலிக்காது என்பதாலும். அலுமினியத்துக்குக் களைப்புக்கு எல்லைக்கோடு கிடையாது. ஸ்டீலிலும் டைட்டானியத்திலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அழுத்தத்தை எத்தனை முறை கொடுத்தாலும் தாங்கும். அலுமினியத்தில் சின்னச் சின்ன அழுத்தமும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். நல்ல கம்பெனி அதைக் கணித்துத் தடிப்பாகச் செய்வதால் பல வருடம் வரும். விரிசல் விட்டால் மட்டும் வெல்டு பண்ண நினைக்காதீர்கள். 6061 போன்ற கலவையை வெல்டு செய்த பிறகு சூளையில் பதப்படுத்தினால்தான் பலம் திரும்பும். அந்த வசதி நம் பட்டறைகளில் இல்லை. பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளமும் வெள்ளைத்தூளும் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பைக் வாங்கும் அன்றே அதே மாடலின் டெரெய்லர் ஹேங்கர் இரண்டு வாங்கி வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

ஸ்டீலின் பலம் சுமை. காஷ்மீரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகக் கன்னியாகுமரி வந்து முடிக்கிறவர்களைப் பார்த்தால் அவர்களைவிட அவர்கள் வண்டியைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். பின்னால் இரண்டு பை, முன்னால் இரண்டு பை என்று வருகிறவர்களிடம் நான் கண்டது பெரும்பாலும் உலோகப் பிரேம்தான். வழியில் கேரியர் கம்பி விட்டுப்போனால் ஸ்டீலை எந்த ஊரிலும் பற்றவைக்கலாம். கேரியரைத்தான் சொல்கிறேன். மெலிந்த பிரேம் டியூபில், கேட் பற்றவைக்கும் ஆர்க் வெல்டிங்கைக் காட்டினால் ஓட்டை விழும்.

## இருவருக்கும் சொன்னது

குளச்சல் தம்பியிடம் ஏற்கெனவே ஸ்டீல் இருக்கிறது, வீட்டிலிருந்து கடல் தெரியும், பந்தய ஆசை இல்லை. டைட்டானியம் சொல்லுங்கள், ஸ்டீலை உள்ளே வைத்து வெயில் நாளில் எடுங்கள் என்றேன். “அண்ணே, விலை கூடினத மழையில விடணுமா?” என்றார். ஆமாம். மழையில் விடுவதற்குத்தான் அந்த விலையே.

அக்காவுக்குக் கார்பன் வேண்டாம் என்றேன். அலுமினியம் வேலைக்குப் போகவர இருக்கட்டும், பேச்சிப்பாறைப் பக்கம் பையோடு இரண்டு நாள் சுற்றும் ஆசைக்கு அதே ஸ்டாக், ரீச்சில் ஒரு ஸ்டீல். அந்தக் கம்பெனி ஸ்டீல் செய்யாவிட்டால் வேறு பில்டரிடம் போனாலும் பாதகமில்லை, அளவு ஒத்துப்போனால் சரி. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பில்டருக்கு ஆர்டர் எழுதும்போது விடக்கூடாதவை: 32 டயர் மட்கார்டோடு நுழைய இடம், திருகு வகைப் பாட்டம் பிராக்கெட், அடியில் வடிகால் ஓட்டை, 27.2 மில்லிமீட்டர் சீட் போஸ்ட், முதல் வண்டியில் உள்ள அதே ஆக்சில். ஸ்டீல் என்றால் உள்பூச்சு அவரே போட்டுத் தருவாரா என்றும் கேளுங்கள். கையால் செய்கிறவர்களிடம் வரிசை மாதக்கணக்கில் இருக்கும். இடவப்பாதிக்கு முன் கையில் வேண்டுமென்றால் முந்தைய ஓணத்துக்கே சொல்லிவிடுங்கள்.